வெண்கலக் குரலோனின் கொடிப்போர்

வாழ்க அவர்! கடலலையை ஆண்ட வேந்தர்கள் ஆயிரம் பேர் இருந்திருக்கலாம். காற்றலையை ஆண்டவர் இவர் ஒருவரே. பகற்பொழுதெல்லாம் கண்ணாடிக் கடையில் நின்று, பிறர் மூக்கின்மேல் வில்லைகளை மாற்றி மாற்றிப் பொருத்தி, "இப்போ தெரியுதா? இப்போ?" என்று கேட்டே ஊரார் கண்களைத் திறந்தவரும், அரசுத் தேர்வெழுதி, வீட்டிலிருந்தே அயலூராரோடு பேசும் ஹாம் வானொலிக்கு உரிமம் பெற்றவரும், அவ்வுரிமத்தைச் சட்டமிட்டு, கல்யாணப் படத்தை ஓரடி கீழே இறக்கி, அதற்கும் மேலே மாட்டியவரும், காய்கறி விலை கேட்டாலே எதிர்த் தெருவில் ஆள் திரும்பிப் பார்க்கும் தொண்டை படைத்ததால் 'வெண்கலம்' என்று பட்டம் பெற்றவருமாகிய நம் நாயகரின் புகழைப் பாட நா ஒன்று போதாது. எம்மிடம் இருப்பதோ ஒன்றுதான்.

விண்ணின் உச்சியில் கண்ணுக்குத் தெரியாமல் விரிந்து கிடந்து, மண்ணிலிருந்து எறியப்படும் பேச்சையெல்லாம் பிடித்து மண்ணுக்கே திருப்பி எறியும் மேல்வளி மண்டலமே, நீயே துணை! உன் பாதம் பணிகிறோம். உனக்குப் பாதம் உண்டா என்று விசாரிக்க நேரமில்லை, கதை நிறைய இருக்கிறது.

அவர் ஆண்ட பேரரசின் எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும். ஞாயிறுதோறும் மாலை ஐந்து மணிக்கு, எண்திசையிலும் வாழும் எட்டு ஹாம் நண்பர்கள், அதாவது திசைக்கு ஒருவர் வீதம், தத்தம் வீட்டுப் பெட்டிமுன் அமர்வார்கள். வெண்கலத்தார் ஒலிவாங்கியை ஏந்தி ஒவ்வொருவர் பெயராக விளிப்பார். விளிக்கப்பட்டவர் 'ஆஜர்' என்பார். பின் தம் ஊர் வானிலையைச் சொல்வார். வெயில் என்றால் வெயில், தூறல் என்றால் தூறல். அவ்வளவுதான். பதினொரு ஆண்டுகளாக அந்த மாபெரும் சபையில் வேறொன்றும் பேசப்பட்டதில்லை. ஆயினும் பெயர் கூப்பிடும் அந்த உரிமை இருக்கிறதே, அதற்கு ஈடாக மூன்று நாடும் ஒரு யானையும் கொடுத்தாலும் அவர் ஏற்கமாட்டார். யானையைக் கட்ட அவரிடம் இடமும் இல்லை.

சபைக்கு ஒரு சட்டம் உண்டு. பெயர் கூப்பிடுபவர் தொடர்ந்து மூன்று ஞாயிறு வராவிட்டால், பட்டியலில் அடுத்து இருப்பவர் அந்தப் பொறுப்பை ஏற்பார். இந்தச் சட்டத்தை இயற்றியவர் வெண்கலத்தாரே. அவருக்கு அடுத்து இருப்பவர் வேறோர் ஊரில் மருந்துக்கடை நடத்துபவர். தேனில் குழைத்த குரலினர், பொறுமையின் சிகரம், பதினொரு ஆண்டுகளாக அடுத்தவராகவே இருப்பவர்.

இந்நிலையில்தான் விதி, மனைவியின் இடமாற்ற உத்தரவு என்னும் வடிவெடுத்து வந்தது. தலைமைச் செவிலியரான அவர் மனைவிக்கு வேறு ஊர் மருத்துவமனைக்கு மாற்றல். முப்பத்தொரு அட்டைப்பெட்டிகளோடு குடும்பம் கிளம்பியது. வெண்கலத்தார் தம் வானொலிப் பெட்டியை மூன்று கம்பளிகளால் போர்த்தி, பச்சைக் குழந்தையைப்போல் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். கண்ணாடிக் குவளைகளுக்குப் பழைய செய்தித்தாள்தான் கிடைத்தது. புது வீட்டில் பெட்டிகளைத் திறந்தபோது வானொலியில் ஒரு கீறல் இல்லை. குவளைகளில் முழுசாக இருந்தவை இரண்டு. மனைவி அந்த இரண்டையும் எடுத்து மேசைமேல் அவர் கண்ணுக்கு நேராக வைத்தார். 

மூட்டை கட்டியதில் ஒரு ஞாயிறு போயிற்று; மூட்டை அவிழ்த்ததில் இன்னொரு ஞாயிறு போயிற்று. அன்றிரவே மருந்துக்கடைக்காரரிடமிருந்து செய்தி வந்தது: "அண்ணே, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. நிதானமா வாங்க. நான் பாத்துக்கறேன்." பகைவர் வாளோடு வந்தால் எதிர்கொள்ளலாம், பரிவோடு வந்தால் என்ன செய்வது? வெண்கலத்தார் அதைப் பதினேழு முறை படித்துவிட்டு, சாப்பாடு வேண்டாம் என்றார்.

சிரிப்பவர் சிரிக்கட்டும், ஒன்றை மட்டும் உள்ளபடி சொல்லிவிடுகிறோம். அவருக்குப் பயமாக இருந்தது. பழைய ஊரில் நாலு பேருக்கு அவரைத் தெரியும். இங்கே காவலாளிக்கு அவர் 'புது வீட்டுக்காரர்', கடையில் 'புது ஆளு', எதிர் வீட்டுக்கு 'கதவைச் சத்தமா மூடறவரு'. பெயர் சொல்லிக் கூப்பிட அந்த எட்டுக் குரல்கள்தான் மிச்சம். அதுவும் போய்விட்டால் தாம் யார் என்று அவருக்கே தெரியாது.

ஆகவே ஆண்டெனா கட்டியாக வேண்டும். இருபது மீட்டர் நீளச் செப்புக்கம்பி, நடுவிலிருந்து கீழே இறங்கும் ஒரு கறுப்புக் கேபிள். இவ்வளவே அவர் படைக்கலம். ஆனால் ஆண்டெனா என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்ல அவர் அஞ்சினார். பழைய வீட்டில் அச்சொல்லால் பட்ட பாடு கொஞ்சமா! பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சி மங்கினால் ஆண்டெனா, மாடிவீட்டுக்காரருக்குத் தலைவலி வந்தால் ஆண்டெனா, பின்வீட்டுப் பையன் கணக்கில் கோட்டை விட்டால் அதற்கும் ஆண்டெனா. எனவே குடியிருப்பின் செயலாளரிடம் அனுமதி கேட்கச் சென்றவர், வெண்கலத்தைப் பஞ்சில் பொதிந்தாற்போல் குரலைத் தாழ்த்தி, "மொட்டைமாடியில ஒரு கம்பி கட்டிக்கலாமா?" என்றார்.

"கொடியா?" என்றார் செயலாளர். அவர் கேட்டது துணி காயப்போடும் கொடியை.

அந்தக் கணத்தில் உண்மை ஒருபக்கமும் வசதி மறுபக்கமும் நின்று நாயகரின் இரு கைகளையும் பிடித்து இழுத்தன. போர் நெடுநேரம் நடக்கவில்லை.

"ஆமா. கொடிதான்."

"தாராளமாக் கட்டுங்க. பழைய கொடி இத்துப்போச்சு, எல்லாரும் புலம்பிக்கிட்டு இருக்காங்க."

பின்வாக்கியத்தை வெண்கலத்தார் செவியில் வாங்கவில்லை. முந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பவன் தும்மினால் கேட்கும் செவி, மூன்றடி தூரத்தில் சொன்னதைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை கம்பி கட்டும் படலம். தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஒரு முனை, படிக்கட்டுக் கூரையின் உச்சியில் மறுமுனை, வானைத் தொட்டாற்போல் கட்டுவது என்பது அவர் கனவு. தொட்டியின் ஏணியில் அவர் கால் வைத்ததும், வேடிக்கை பார்க்க வந்த செயலாளர், "என்ன சார் இது, அவ்வளவு உசரத்துல கட்டினா துணியை எறிஞ்சா போடுவீங்க? கைக்கு எட்டற மாதிரி கட்டுங்க" என்றார். கொடி என்று சொன்ன வாயால் மறுக்க முடியுமா? கட்டினார், கைக்கு எட்டுமாறு. "நடுவுல கறுப்பா ஏதோ தொங்குதே?" "அது... ஆடாம இருக்கறதுக்கு." ஒரு பொய்க்குத் துணையாக இன்னொரு பொய் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. படிக்கட்டுக் கதவில் ஒரு பலகை தொங்குவதை அவர் பார்த்தார், படிக்கவில்லை. 'மாடியில் உள்ள கொடிகள் யாவும் அனைவருக்கும் பொது' என்று அதில் எழுதியிருந்தது. பிறர் கண்களுக்குக் கண்ணாடி கொடுப்பவர் அவர்.

அன்று மாலை சோதனை செய்தபோது எல்லாம் செம்மையாக இருந்தது. அனுப்பிய மின்சாரம் வானேறுகிறதா, போன வழியே திரும்பி வருகிறதா என்று காட்டும் சிறு முள், பூச்சியத்தருகே படுத்துச் சாதுவாக உறங்கியது. வெண்கலத்தாரும் அன்று நன்றாக உறங்கினார்.

விடிந்தது மூன்றாம் ஞாயிறு! நீலப் பட்டை விரித்தாற்போல் வானம். ஒரு பொட்டு மேகம் இல்லை. மாலை நாலே முக்காலுக்கு, அட்டைப்பெட்டிகளால் அரண் அமைத்த சாமான் அறையில், ஒரே ஒரு முக்காலியைச் சிம்மாசனமாகக் கொண்டு, நாயகர் அமர்ந்தார். பெட்டியைத் திறந்ததும் எட்டுத் திசையும் வந்து செவியில் விழுந்தன. சபையோர் முன்கூட்டியே கூடி ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்தார்கள், அதாவது வானிலை. மருந்துக்கடைக்காரர் தேன் ஒழுகச் சொன்னார்: "இங்க மழை பொத்துக்கிட்டு ஊத்துது. அண்ணன் இன்னிக்கும் வரமாட்டாரு போல. பாவம், வயசாச்சுல்ல."

வயசாச்சு! இருவருக்கும் வித்தியாசம் எட்டு மாதம். வெண்கலத்தார் பொங்கியெழுந்து பொத்தானை அழுத்தி, "வந்துட்டேன்!" என்று முழங்கினார். சுவர்கள் கேட்டன, மேல்மாடி கேட்டது, கேட்க வேண்டிய எட்டுப் பேர் கேட்கவில்லை. நேற்றுவரை சாதுவாய்க் கிடந்த முள், தேள் கொட்டினாற்போல் துள்ளிச் சிவப்புக் கோட்டைத் தாண்டி நடுங்கியது. அனுப்பியதெல்லாம் போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது.

கேபிளை உருவிச் சொருகினார், முள் இறங்கவில்லை. பெட்டியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார், அதுவும் பலிக்கவில்லை. மணி நாலு ஐம்பத்தொன்று. இரண்டிரண்டு படியாகத் தாவி மொட்டைமாடி ஏறி, கதவைத் திறந்து, அப்படியே நின்றார்.

அந்தோ! அங்கே அணிவகுத்து நின்ற சேனையை என்னென்பது! வலமுனையில், மூன்றாம் மாடி இரட்டையரின் கால்பந்துச் சட்டைகள் எண் வரிசைப்படி நின்றன. அவற்றை அடுத்து, தரைத்தளத்துச் செயலாளரின் ஒன்பது உள்பனியன்கள் வீரத் தழும்புகளோடு விளங்கின. இடப்புறம் முழுவதையும், யானைப்படை போல, முதல் மாடி ஓய்வுபெற்ற தலைமையாசிரியையின் இரட்டைக்கட்டில் படுக்கை விரிப்புகள் நான்கும் ஒரு பஞ்சுப் போர்வையும் ஆக்கிரமித்து, நீர் சொட்டச் சொட்டத் தொங்கின. கறுப்புக் கேபிளில் யாரோ ஒரு ஜோடிக் காலுறையைக் கிளிப் போட்டு மாட்டியிருந்தார்கள். நட்ட நடுவில், அவர் வானொலியை ஊர்விட்டு ஊர் கீறல் படாமல் காத்து வந்த அதே கம்பளிகள் இரண்டு, வானொலியின் குரல்வளையை நெரித்தபடி காய்ந்தன. மூன்றாவதைப் பிழிந்து உதறிக்கொண்டிருந்தவர் அவர் மனைவி.

"நீயுமா!" என்று அவர் அலறினார்.

"கொடின்னு ஊர் பூராச் சொன்னீங்க. போட்டேன்" என்றார் மனைவி. சொல்லிவிட்டு, மூன்றாவது கம்பளியையும் போட்டார்.

அப்போது, பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்து ஈரப்படைக்குக் காவலிருந்த தலைமையாசிரியை எழுந்தார். முப்பத்தாறு ஆண்டுகள் காலை வணக்கக் கூட்டம் நடத்திய குரல் அவருடையது. வெண்கலத்துக்கு எதிரே எஃகு. "நீங்கதானே சார் இந்தக் கொடி கட்டினது? என்ன நேர்த்தி! இவ்வளவு துணி போட்டும் ஒரு தொய்வு இல்லையே. இந்தக் கட்டடத்துல உருப்படியா ஒரு காரியம் செஞ்சது நீங்க ஒருத்தர்தான்" என்றார்.

பதினொரு ஆண்டுகளில் எத்தனையோ ஆண்டெனா கட்டியிருக்கிறார் அவர். ஒன்றையாவது யாராவது பாராட்டியது உண்டா? இன்று பாராட்டு வந்தது, படுக்கை விரிப்புக்கு அடியிலிருந்து. கண் கலங்கியது. அதை நன்றி என்று எடுத்துக்கொண்டார் தலைமையாசிரியை.

மணி நாலு ஐம்பத்து நாலு. உண்மையைச் சொன்னால்? கம்பி நாளையே இறங்கிவிடும். ஊரெல்லாம் தலைவலி வந்துவிடும். சொல்லாவிட்டால்? ஆறு நிமிடத்தில் அரசு கைமாறிவிடும். பொய் சொல்லலாம் என்றால், தலைக்கு மேல் வானம் சாட்சியாக நிற்கிறது. அப்போது மின்னலென ஒரு யோசனை அவர் மண்டையில் வெட்டியது. அவர் பொய் சொல்லவில்லை. மெய்யில் பாதியைச் சொன்னார், வெண்கலம் முழுதும் அதிர:

"மழை பொத்துக்கிட்டு ஊத்துதாம்! இப்பத்தான் ரேடியோவுல சொன்னாங்க!"

எந்த ஊரில் என்று யாரும் கேட்கவில்லை. தலைமையாசிரியை வானத்தைப் பார்த்தார். வானத்தில் ஒன்றும் இல்லை. ஆனால் கைப்பேசியில் வருவதை நம்பாத, செய்தித்தாளில் வருவதைப் பாதி நம்புகிற, ரேடியோவில் சொன்னால் முழுசாக நம்புகிற தலைமுறை அவர். "ரேடியோவுலயே சொல்லிட்டாங்களா!" என்று கைப்பிடிச் சுவரருகே சென்று, "எல்லாரும் மேல வாங்க! துணி எடுங்க! ஓடாம வரிசையா வாங்க!" என்று ஆணையிட்டார். கட்டடமே ஏறி வந்தது. சட்டைகள் சரிந்தன, பனியன்கள் பின்வாங்கின, விரிப்புகள் சுருண்டு வாளிக்குள் சரணடைந்தன. இரண்டு நிமிடத்தில் கொடி மீண்டும் ஆண்டெனா ஆயிற்று. மனைவி மட்டும் கம்பளிகளை எடுக்காமல், இடுப்பில் கைவைத்து, கணவரையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த மூன்றையும் வெண்கலத்தாரே அள்ளி எடுத்துப் படிக்கட்டருகே வீசிவிட்டுக் கீழே பாய்ந்தார்.

முக்காலியில் வந்து விழுந்தபோது மணி ஐந்து அடித்து ஒரு நிமிடம். பெட்டிக்குள் மருந்துக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார், பதினொரு ஆண்டுச் செருமல் அது. "நேரம் ஆச்சு. சட்டப்படி இனிமே நானே..."

"ஆஜர்!"

முள் அசையவில்லை. வெண்கல முழக்கம் கம்பி வழியே ஏறி, விண்ணில் மோதி, எட்டுத் திசையிலும் எட்டு முற்றங்களில் போய் விழுந்தது. ஒரு கணம் இரைச்சல். பிறகு ஒன்றன்மேல் ஒன்றாக எட்டுக் குரல்கள்: "அண்ணே!" "வந்துட்டாரு!" "வெண்கலமா?" "பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்குய்யா!"    வென்றவர் அழக்கூடாது என்று விதி ஏதும் இல்லையாதலால் நாயகர் சட்டை நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெயர் கூப்பிட ஆரம்பித்தார்.

ஒருவர் ஊரில் வெயில். ஒருவர் ஊரில் காற்று. ஒருவர் ஊரில் வெயிலும் இல்லை, காற்றும் இல்லை. அதை அவர் நான்கு நிமிடம் விவரித்தார். கடைசியில் மருந்துக்கடைக்காரர் முறை வந்தது. தோற்றவரின் குரலில் தேன் சற்றுக் கெட்டிப்பட்டிருந்தது. "மதியத்துல இருந்து இங்க ஊத்து ஊத்துன்னு ஊத்துது அண்ணே. கடை வாசல்ல முழங்கால் தண்ணி. முந்நூறு கிலோமீட்டர் தள்ளி உங்க புது ஊர்ல எப்படி? மழை உண்டா?"

பொத்தானில் விரலை வைத்தபடி தற்செயலாகத் திரும்பினார் நாயகர். சாமான் அறை வாசலில் தலைமையாசிரியை நின்றிருந்தார். கையில் ஈர விரிப்பு வாளி. தோளில், படிக்கட்டருகே கிடந்தனவே, மழையில் நனையப் போகின்றனவே என்று இரக்கப்பட்டுச் சுமந்துவந்த மூன்று கம்பளிகள். அவருக்குப் பின்னால் மனைவி. பெட்டி சொன்னது முழுவதும் இருவர் செவியிலும் விழுந்திருந்தது.

எட்டு ஊர்கள் காத்திருந்தன. 'ஆமா, லேசா இருட்டுது' என்று ஒரு வார்த்தை போதும், மானம் பிழைத்துவிடும். ஆனால் கேளீர்! செயலாளரிடம் பொய் சொல்லியிருக்கிறார், மாடியில் பாதி மெய் சொல்லியிருக்கிறார், குவளைகளில் ஒன்றுகூட உடையவில்லை என்று மாமியாரிடம்கூடச் சொல்லியிருக்கிறார். காற்றலையில் மட்டும் பதினொரு ஆண்டுகளில் ஒரு தூறலைக்கூட அவர் கூட்டிச் சொன்னதில்லை. நிமிர்ந்து உட்கார்ந்தார். தலைமையாசிரியையின் கண்ணைப் பார்த்தபடியே பொத்தானை அழுத்தினார்.

"இங்க வானம் சுத்தமா இருக்கு. ஒரு மேகம் இல்ல. மழைக்கு வாய்ப்பே இல்ல."

மருந்துக்கடைக்காரர் அதைக் குறித்துக்கொண்டார். சபை கலைந்தது. 

"அப்போ அது கொடி இல்ல" என்றார் தலைமையாசிரியை.

"ஆண்டெனா, மேடம்." வெண்கலம் தகரமாகியிருந்தது.

"எப்போ வேணும்?"

"ஞாயித்துக்கிழமை... அஞ்சுல இருந்து அஞ்சரை வரைக்கும்."

"அதை முதல்லயே சொல்றதுக்கு என்ன? மத்த நேரம்?"

நாயகர் மனைவியைப் பார்த்தார். மனைவி மீந்திருந்த இரண்டு குவளைகளில் ஒன்றில் தலைமையாசிரியைக்குத் தண்ணீர் எடுத்து வந்துகொண்டிருந்தார்.

"மத்த நேரம் கொடி, மேடம்."

தலைமையாசிரியை முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தண்ணீரைக் குடித்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, முப்பத்தாறு ஆண்டுகள் எந்தக் குரலில் தண்டனை விதித்தாரோ அதே குரலில் தீர்ப்பு வழங்கினார்: "இன்னும் ஒரு மணி நேரம் வெயில் இருக்கு."

வெண்கலத்தார் வாளியைத் தூக்கிக்கொண்டு, வீடு வீடாக ஈரத்துணியைக் கேட்டு வாங்கி, மாடிக்குப் போய், நாலு வீட்டுத் துணியையும் காயப்போட்டார்.